நரம்பு கிடைக்கவில்லை

போன வெள்ளிக்கிழமை
மியூன்ஸ்டர் ரயிலடிக்குப் பின்னாலிருக்கும் கிளினிக்கில்
மூன்று இடத்தில் குத்தினாள் தாதி.
நழுவுகிறது என்றாள்.
அவள் மொழியில் அது ரத்தக்குழாய்தான்;
நான்தான் மனதுக்குள் நரம்பு என்று மாற்றிக்கொண்டேன்.
சிரை, தமனி, நுண்நாளம் என்று
பிரித்துப் படித்துப் பட்டம் வாங்கியவள்,
வலித்தால் எல்லாமே நரம்பு.

இன்று வியாழன்.
தட்டில் தொண்ணூற்றாறு குழிகள்.
குழிக்கொரு வரிக்குதிரை மீன்குஞ்சு,
நான்கு மில்லிமீட்டர்,
கண் மட்டும் கறுப்பு, மற்றதெல்லாம் ஜன்னல்.
மயக்க மருந்து கலந்த தண்ணீரில் ஒருக்களித்துக் கிடக்கின்றன.

ட்ரூடே வேலையைத் தொடங்குகிறது.
ட்ரூடே எங்கள் ரோபோ.
மீன் அறையைப் பார்த்துக்கொள்ளும் வீப்கே வைத்த பெயர்,
யாரோடும் முகம் கொடுத்துப் பேசாத அவள் சித்தியுடையதாம்.
கேமரா தேடுகிறது, கண்டுகொள்கிறது.
முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசி
இதயத்துக்குத் திரும்பும் பெருஞ்சிரையைத் தொட்டு, நுழைந்து,
ஒரு நானோலிட்டர் சிவப்பு.
அடுத்தது.
அரை நிமிடத்துக்கு ஒன்று.
தயக்கம் என்ற பாகம் அதில் பொருத்தப்படவில்லை.

ஜி வரிசை, ஏழாவது குழி.
தேடுகிறது.
மீண்டும்.
மீண்டும்.
திரையில் மஞ்சள் எழுத்து: நாளம் கிடைக்கவில்லை.
எட்டுக்குத் தாண்டிவிட்டது.

விட்டுத் தள்ளு என்கிறாள் வீப்கே,
தொண்ணூற்றைந்து போதாத கணக்கு எங்கே இருக்கிறது?
சரிதான்.
சுவர்க் கடிகாரம் எங்களுக்காக வேறு கணக்கில் ஓடுகிறது:
கருவுற்று நூற்றுப் பன்னிரண்டு மணி நேரம்.
நூற்றிருபதில் சட்டம் கண் விழிக்கும்.
அதன்பின் இது விலங்கு;
விண்ணப்பம், குழு, கையொப்பம்.
அதுவரை இது என்ன என்று
சட்டம் சொல்வதில்லை.
நாங்களும் தொந்தரவு செய்வதில்லை.

தட்டை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன்.
இரண்டாவது காப்பி விரலில் நடுங்கியது.
குனிந்ததும் தெரிந்துவிட்டது:
மறுபக்கம் புரண்டு கிடக்கிறது.
அவ்வளவுதான்.
ஒளியவில்லை, நழுவவில்லை,
ஒரு சோம்பேறிப் பிள்ளை போலத் திரும்பிப் படுத்திருக்கிறது.

குச்சி நுனியில் ஒட்டிய இமைமுடியால் புரட்டினேன்.
இமைமுடி என்னுடையது.
அதற்குப் படிவம் கிடையாது.

மூச்சை அடக்கி, ஊசி.
சிவப்பு இதயத்துக்குள் விழுந்தது, எழுந்தது,
செவுளுக்கு, முதுகுக்கு, வால் நுனிவரை போய்
நான் மூச்சு விடுவதற்குள் திரும்பி வந்தது.

பிறகு அகரோஸ் கூழில் அமர்த்தி
தாள்போல் மெலிந்த லேசர் ஒளியில் நிறுத்தினேன்.
நாளச் சுவர்கள் பச்சை, உள்ளே சிவப்பு ஓட்டம்.
மூளையின் நடுவே ஒரு குறுக்குக் கிளை,
அதில் மட்டும் சிவப்பு முன்னே போய், பின்னே வந்து,
எந்தப் பக்கம் என்று முடிவெடுக்காமல்.
ஒரு மணி நேரத்தில் நின்றுபோனது.
இரண்டாவது மணியில் கிளை சுருங்கியது;
அதன் செல்கள் ஒவ்வொன்றாய் நகர்ந்து
பக்கத்துக் குழாயில் குடியேறின.
கோளாறு இல்லை இது.
வளர்வதன் பாதி வேலை, தேவையற்றதை மூடுவது.

யாரும் போகாத சைக்கிள் பாதையைப் போல
என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடித்தேன்.
மியூன்ஸ்டரில் யாரும் போகாத சைக்கிள் பாதையா?

நூற்றுப் பதினெட்டு.
வீப்கே தண்ணீரில் மயக்க மருந்தைக் கூட்டுகிறாள்,
கையுறையைக் கழற்றாமலே விளக்கையும் அணைக்கிறாள்.
ஜி ஏழின் இதயம் எப்போது நின்றது என்று கேட்காதீர்கள்.
திரையை அதற்கு முன்பே மூடிவிட்டேன்.

பதிவேட்டில், ஊசி போட்டவர் என்ற பத்தியில்
தொண்ணூற்றைந்து ட்ரூடே.
ஒன்று, கை.

வெளியே மழை.
சைக்கிளின் ஈர இருக்கையைச் சட்டைக்கையால் துடைக்கும்போது
முழங்கை மடிப்பைப் பார்த்தேன்.
கன்றிய மூன்று இடங்களும் ஒன்றாய்ச் சேர்ந்து,
ஓரத்தில்
மெல்லப் பச்சையாகின்றன.